என்ர கனூவுக்குக் கை குடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை இஞ்ச கனடாவில அல்கொன்குவின் பார்க்கில, கனூ லேக்கில, நான் கராஜில கட்டின என்ர கனூவை, துடுப்பால வலிக்கிற ஒடுங்கின மர வள்ளத்தை, இறக்கினனான், பின்னேரம் வரைக்கும் ஓடியும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரேல்ல. படத்தைப் பார்த்தவை எல்லாம் "நீங்களே செய்தனீங்களோ" எண்டு கேக்கினம். ஓம் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு விட எனக்கு மனம் வரேல்ல, அதுதான் இருந்து எழுதுறன்.

முதல் நன்றி எங்கட ரோட்டில இருக்கிற அந்த ரிட்டயர் பண்ணின வாத்தியாருக்கு. பள்ளிக்கூடத்தில மரவேலை படிப்பிச்ச வெள்ளைக்கார ஐயா, இதை மகள் அவருக்கு வாசிச்சுச் சொல்லுவா. 16 அடிக் கனூவுக்குத் தேவையான அச்சுப் பலகையள், வள்ளத்தின்ர உருவத்துக்கு வெட்டி வரிசையா நிப்பாட்டுற பலகையள், அத்தனையையும் தன்ர வானில ஏத்திக்கொண்டு வந்து ஸ்காபுறோவில என்ர கராஜில இறக்கினவர். அச்சு ஒண்டு சரிஞ்சு நிண்டாலும் வள்ளம் ஒரு பக்கம் இழுக்கும் எண்டு சொல்லி, ரெண்டு பின்னேரம் குளிருக்க நிண்டு நூல் கட்டிக் கட்டி ஒவ்வொண்டா நிமித்தித் தந்தவர். காசு நீட்ட வாங்கேல்ல. "எனக்குத் திருப்பித் தராதை, அடுத்த ஆளுக்குக் குடு" எண்டதுதான் கதை.

மரம் சீடர். கால் அங்குலத் தடிப்பு, முக்கால் அங்குல அகலத்தில நீட்டுக் கீலமாக் கீறவேணும், கணு இருந்தால் வளைக்கேக்க அந்த இடத்திலயே முறியும். நான் முதல் வாங்கின மரத்தில பாதி கணு, கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டன் எண்டிட்டார், அண்டைக்கு இதை விட்டிடுவம் எண்டே யோசிச்சனான். வேலையில என்னோட நிக்கிற போர்த்துக்கல் நண்பர் தன்ர ஆக்களிட்டச் சொல்லி நல்ல மரம் எடுத்து, தன்ர வாளிலயே கீறி, சீடர்த் தூள் நெஞ்சுக்குக் கூடாது எண்டு ஒரு நல்ல மாஸ்க்கும் தந்துவிட்டவர். அந்த மாஸ்க் இல்லாட்டி நான் வருத்தக்காரன் ஆகியிருப்பன்.

பிறகு ஒவ்வொரு இரவும் ஒரு கீலம், ரெண்டு கீலம். பசை பூசி அச்சுக்கு மேல ஒண்டோட ஒண்டு ஒட்டேக்க மற்ற நுனியைப் பிடிக்க ஒரு ஆள் கட்டாயம் வேணும். என்ர மனிசி வேலையால வந்து கோட்டும் கழட்டாமல் பிடிச்ச நாளுகள் கனக்க. பக்கத்து வீட்டுப் பிள்ளையள் ரெண்டு பேரும் கீலங்களை எண்ணிக்கொண்டே வந்தவை, 64ஆவது கீலத்தோட அடிப்பக்கம் மூடிச்சுது, அண்டைக்கு அவைக்குப் பீட்சா.

அப்பாவைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். ஊரில வள்ளங்களுக்குப் பக்கத்தில வளர்ந்த மனுசன், வயசு 78, முழங்கால் சரியில்லை. நான் சாண்ட் பேப்பர் போட்டு முடிஞ்சுது எண்டு நினைக்கேக்க கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால அணியத்தில, முன் நுனியில இருந்து மெல்ல மெல்லத் தடவிக்கொண்டு வந்தவர். ஒரு இடத்தில கை நிண்டுது. "இதில வயிறு தள்ளுது." நான் எவ்வளவு பார்த்தும் கண்ணுக்குத் தெரியேல்ல, கையை வச்சாப் பிறகுதான் தெரிஞ்சுது. அப்பிடி ஏழெட்டு இடத்தில பென்சிலால அடையாளம் போட்டுத் தந்தவர்.

பங்குனிக் குளிரில எபொக்சி, அதுதான் பூசினாப் பிறகு இறுகிற பிசின், பூசின இரவை மறக்கேலாது. குளிருக்க எபொக்சி தேன் மாதிரித் தடிச்சு நிக்கும், கெதியா இறுகாது. தம்பியும் மச்சானும் ரெண்டு எலெக்ட்ரிக் ஹீட்டரோட பத்து மணிக்கு வந்து விடிய விடிய மாறி மாறி நிண்டவை. வள்ளத்துக்கு மேல வெள்ளைத் துணி மாதிரி விரிச்சுக் கிடந்த பைபர் கிளாஸில எபொக்சி ஊறஊற வெள்ளை மறைஞ்சு, கீழ சீடர் தேத்தண்ணிச் சாயம் மாதிரி நிறம் எழும்பி வந்திச்சு. மூண்டு பேரும் கதைக்காமல் நிண்டு பார்த்துக்கொண்டே இருந்தனாங்கள்.

பீற்றர்பறோவில 2024இல லிட்டில் லேக் கரையில புதுசாத் திறந்த கனூ மியூசியத்துக்கும் பிள்ளையளோட போனனான். அங்க பேர்ச் மரப்பட்டையில செய்த பழைய கனூவள் இருக்கு. மரத்தில வெள்ளையாத் தெரியிற பக்கம் கனூவுக்கு உள்பக்கமா வரும், ஸ்புரூஸ் வேரால தைச்சு, அந்த ஸ்புரூஸ் மரத்துப் பிசினாலயே தையலை அடைச்சிருக்கினம், ஆணி ஒண்டும் இல்லை. நான் கட்டினதின்ர உருவமே அனிஷினாபே மாதிரியான இந்த மண்ணின்ர ஆக்கள் கண்டுபிடிச்சதுதான். அவைக்கு நன்றி சொல்லாமல் இந்தக் கடிதம் எழுதினால் பிழை.

முதல்முதல் தண்ணியில விட்டது ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில விழுற இடத்தில. தனியப் பின்சீற்றில இருந்தனான், முன் அணியம் மேல எழும்பிக் காத்து அதைச் சுத்திச் சுத்தி எறிஞ்சுது, நல்லாப் பயந்திட்டன். பேர் தெரியாத ஒரு வயசான சோடி தங்கட கனூவில கிட்ட வந்து, முன்சீற்றில மற்றப் பக்கம் பார்த்து இரு, பாரம் நடுவுக்கு வரும் எண்டு சொல்லித் தந்தவை. துடுப்பை இழுத்து முடிக்கேக்க பெருவிரல் கீழ பாக்கத் திருப்பி வெளியில தள்ளவும் காட்டித் தந்தவை. அதாலதான் இண்டைக்கு நேராப் போறன். இதை எங்கயாவது கண்டால் தயவுசெய்து ஒரு சொல்லு எழுதுங்கோ.

கனூ லேக்கில இருந்து ஜோ லேக்குக்குப் போற போட்டேஜ், வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பாதை, 300 மீட்டர் அளவுதான், ஆனா 26 கிலோவைத் தோளில கவிட்டுக்கொண்டு மரங்களுக்குள்ளால நடக்கேக்க அது தூரம். வழியில விலகி நிண்டு வழிவிட்டுத் தண்ணிப் போத்தலும் நீட்டின பெடியங்களுக்கும் நன்றி.

அச்சுப் பலகையள் இப்ப என்ர கராஜ் சுவரில சாத்திக் கிடக்கு, 15 இருக்கு. ஆருக்காவது கட்ட விருப்பமெண்டால் சொல்லுங்கோ. வானில ஏத்திக்கொண்டு வாறன், நூல் கட்டி நிமித்த ரெண்டு பின்னேரம் கூட நிப்பன்.