பின்சீட்டைத் தூக்குவதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய அமெரிக்க மசில் கார், அதாவது பெரிய என்ஜின் வைத்த வேகமான வண்டி, வாங்கப்போகும் வாசகர் ஒருவர், பெயிண்டை முழுக்க உரித்து, நட்டு போல்ட் வரை கழற்றிப் புதுசாக்குவதுதான் அந்த வண்டிக்குச் செய்யும் மரியாதை என்று போன வாரம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய ஆசை எனக்குப் புரிகிறது. அவர் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்குள் இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இருபத்தாறு வருடமாக மிச்சிகனில் இருக்கிறேன். டூல் அண்ட் டை வேலை, அதாவது தொழிற்சாலைக்கு வேண்டிய அச்சுகளும் கருவிகளும் செய்வது. 2009-ல் ஒரு 1970 டாட்ஜ் டார்ட் ஸ்விங்கர் 340 வாங்கி, மொத்தமாகப் புதுப்பித்துத் தரச் சொல்லி ஒரு பட்டறையில் விட்டேன். பதினான்கு மாதம் கழித்துக் கண்ணாடி மாதிரி வந்தது. ரொம்பச் சந்தோஷப்பட்டேன். பழைய பின்சீட்டை ஸ்பிரிங்கோடு குப்பையில் போட்டுவிட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. டாட்ஜைத் தயாரித்த கிரைஸ்லர் கம்பெனியின் அந்தக் காலத்து வண்டிகளில், எந்த என்ஜின், எந்த ஆக்சில், என்ன நிறம் என்று குறியீடாக அச்சிட்ட தொழிற்சாலைத் தாள் பல சமயம் பின்சீட்டு ஸ்பிரிங்குக்குள்ளேயே தங்கிவிடும். என் வண்டியில் அது இருந்ததா, இல்லையா என்றுகூட இனி யாராலும் சொல்ல முடியாது. தொழிற்சாலைப் பரிசோதகர்கள் கிரையானால் போட்ட கிறுக்கல்கள் இருந்திருந்தால், அவையும் பெயிண்டை உரிக்க மணல் வீசியபோது போயிருக்கும். நம் ஊர்க் கோயில்களில் மணல் வீசித் தூண்களைச் சுத்தம் செய்யப்போய்க் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கியதைப் படித்தபோது எனக்கு இந்த டார்ட்தான் நினைவுக்கு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னுடைய 1969 டாட்ஜ் சார்ஜர் ஆர்டியை எனக்குக் கொடுத்தார். ஹாம்ட்ராமிக்கில் இருந்த டாட்ஜ் மெயின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1980-ல் மூடி, பிறகு இடித்தே விட்ட தொழிற்சாலை அது. அங்கே தயாரான வண்டியைத்தான் புதிதாக வாங்கி வைத்திருந்தார். 440 மேக்னம் என்ஜின், அதாவது 7.2 லிட்டர், 375 குதிரைத்திறன். கரும்பச்சை நிறம். கூரையில் பெயிண்ட் தேய்ந்து அடிப்பூச்சு தெரிகிறது. இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. டிக்கிக்குள் தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்தவர் அவசரத்தில் விட்ட திட்டு அப்படியே இருக்கிறது. இன்று புதுப்பித்துக் காட்சிக்கு வைக்கும் சார்ஜர்களில் அந்தத் திட்டைப் பார்க்க முடியாது. 1969-ல் எந்த சார்ஜரும் அவ்வளவு மினுமினுப்பாக வெளியே வரவில்லை.

மகன்கள் இருவரும் புதுப் பெயிண்ட் அடிக்கலாம் என்றார்கள். "இதையும் அந்த டார்ட் மாதிரி ஆக்கிடாதீங்க" என்றாள் மனைவி.

முடிவு எடுப்பதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றினேன். சார்ஜருக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. அதனால் முன்பக்கம் டார்ஷன் பார் (ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பி) மாட்டியிருக்கும் குறுக்குச்சட்டம், பின்னால் பட்டை ஸ்பிரிங் தொங்கும் இடம் இரண்டையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்திப் பார்த்தேன். இரும்பு கெட்டியாக இருந்தது. அங்கே துளை விழுந்திருந்தால் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டேன், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்திருப்பேன். பனி உருக உப்பு கொட்டும் இந்த ஊர் ரோட்டில் ஓடி எலும்பு தேய்ந்த வண்டியை "ஒரிஜினல்" என்று சொல்லி அப்படியே வைத்திருப்பது ஆளைக் கொல்லும்.

பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், டயர் எல்லாவற்றையும் மாற்றினேன். பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலக்கும் இந்த நாளில் பழைய ரப்பர் தாங்காது என்பதால் பெட்ரோல் ஹோஸையும் மாற்றினேன். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், அதை மாற்றவில்லை. கழற்றியது ஒவ்வொன்றும் சீட்டு எழுதி ஒட்டிய பெட்டியில் இருக்கிறது. துருவைச் சுரண்டவில்லை. மேலே பரவாமல் இருக்க மெழுகு பூசியிருக்கிறேன். பட்டி வைக்கவில்லை.

பணக் கணக்கும் பலர் நினைப்பது போல் இல்லை. ஹாலிவுட் படம் ஒன்றில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 பச்சை மஸ்டாங், ஒரு குடும்பத்தில் பல வருடம் சும்மா நின்றுவிட்டு, பழைய பெயிண்டோடும் துருவோடும் 2020-ல் ஃபுளோரிடா ஏலத்துக்கு வந்தது. கமிஷனோடு சேர்த்து 37.4 லட்சம் டாலருக்குப் போனது. நடிகருக்காகக் கிடைத்த விலைதான், சரி. ஆனால் அதே மஸ்டாங்தான் என்று காட்டிய தடயங்கள் அந்தப் பழைய உடம்பில்தான் இருந்தன. யாராவது நடுவில் உரித்துப் பெயிண்ட் அடித்திருந்தால் நிரூபிப்பதே பெரும்பாடாகியிருக்கும்.

எனவே அந்த வாசகரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வண்டி வந்து சேர்ந்ததும் ஒரு மாதம் எதையும் கழற்ற வேண்டாம். நல்ல வெளிச்சத்தில், உள்ளும் அடியுமாக எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். பின்சீட்டைத் தூக்கும்போது ஸ்பிரிங் இடுக்கில் பழுப்பேறிய காகிதம் தெரிந்தால் இழுக்க வேண்டாம், கிழிந்துவிடும். சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு கம்பியாக விலக்கி எடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
ஸ்டெர்லிங் ஹைட்ஸ், மிச்சிகன்