பேதுருவுக்குத் திறந்த கதவும் யாக்கோபின் மரணமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேதாகமத்தில் தேவன் தம் மக்களை விடுவித்த, ஆசீர்வதித்த பகுதிகளைத் தொகுத்து சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செங்கடல், சிங்கக்கெபி, எரிகிற சூளை, பேதுருவின் சிறை என்று முக்கியமானவை எல்லாம் இருக்கின்றன. கட்டுரையாளரின் பக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "விசுவாசம் இருந்தால் விடுதலை நிச்சயம்" என்று அவர் கடைசியில் வந்து நிற்கும் இடம்தான் மனதை உறுத்துகிறது. அவர் எடுத்துக்காட்டும் பகுதிகளே அப்படிச் சொல்லவில்லை.

லூக்கா எழுதிய அப்போஸ்தலருடைய நடபடிகள் 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கட்டுரையாளர் இயேசுவின் சீடரான பேதுருவிலிருந்து தொடங்குகிறார். அதிகாரம் தொடங்குவது இன்னொரு சீடரான யாக்கோபிலிருந்து. யோவானின் சகோதரனான அவரை ஏரோது ராஜா பட்டயத்தால் (வாளால்) கொன்றான் என்று 2ஆம் வசனம் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. அப்புறம்தான் பேதுரு பிடிபடுகிறார். அவருக்குக் காவல் மொத்தம் 16 சேவகர்கள். இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகர்களுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருக்கிறார். தூதன் விலாவில் தட்டி எழுப்புகிறான், பாதரட்சையைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறான். இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. தெருவுக்கு வந்த பிறகுதான் பேதுருவுக்கே இது கனவல்ல என்று தெரிகிறது.

சரி, யாக்கோபுக்கு விசுவாசம் குறைவாக இருந்ததா? யவீருவின் மகள் உயிரோடு எழுந்தபோது அந்த வீட்டுக்குள் இயேசு அழைத்துப்போன மூவரில் அவரும் ஒருவர். இயேசு ஒளிமயமாகத் தோன்றிய மறுரூப மலையில் இருந்தார், இயேசு பிடிபட்ட கெத்செமனேயிலும் இருந்தார். மறுபக்கம், பேதுருவுக்காக இரவெல்லாம் ஜெபித்தவர்களைப் பாருங்கள். பேதுரு வாசலில் நிற்கிறார் என்று ரோதை என்ற வேலைக்காரப் பெண் ஓடிவந்து சொன்னபோது, "நீ பிதற்றுகிறாய்" என்றார்கள்! தாங்கள் கேட்டது கிடைத்ததையே நம்ப முடியாதவர்களின் ஜெபத்துக்குத்தான் கதவு திறந்தது. விசுவாசத்தின் அளவை வைத்து இந்த அதிகாரத்தை விளக்கவே முடியாது. லூக்காவும் விளக்க முயலவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார். அந்த நேர்மைக்காகவே இந்த அதிகாரம் எனக்குப் பிடிக்கும்.

எபிரெயர் 11உம் இப்படித்தான். 34ஆம் வசனத்தில் சிலர் பட்டயத்துக்குத் தப்பினார்கள், 37ஆம் வசனத்தில் சிலர் பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தார்கள். இரு சாராருக்கும் விசுவாசத்தினாலே நற்சாட்சி கிடைத்தது என்று 39ஆம் வசனம் சேர்த்தே சொல்கிறது. கட்டுரை 34ஓடு நின்றுவிட்டது. சூளையின் கதையிலும், அந்த மூன்று வாலிபர்கள் "விடுவிக்காமற்போனாலும்" பொற்சிலையைப் பணியமாட்டோம் என்று பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் சொன்னது விடுபட்டிருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அந்தக் கதையின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

சங்கீதம் 91ஐக் கட்டுரையாளர் நீளமாக மேற்கோள் காட்டியிருக்கிறார். எனக்கும் பிரியமான சங்கீதம். ஆனால் தூதர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்ற அதே வசனங்களைச் சொல்லித்தான் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி பிசாசு இயேசுவிடம் கேட்டான். கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்பதுதான் அவருடைய பதில். பாதுகாப்பு வசனத்தைப் பத்திரம்போல நீட்டி, கொடு என்று கேட்கலாமா என்ற கேள்விக்கு அங்கேயே விடை இருக்கிறது.

ஆசீர்வாதம் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். பொருள் பெருகுவதைத்தான் கட்டுரை முன்னே வைக்கிறது. பழைய ஏற்பாட்டில் அதற்கும் இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் ஒருவரோடு போராடி, "நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்" என்று கதறிய ஆதியாகமத்து யாக்கோபு (அந்தச் சீடர் அல்ல) ஏழையா என்ன? 200 வெள்ளாடுகளையும் பால் தரும் 30 ஒட்டகங்களையும் இன்னும் எத்தனையோ மந்தைகளையும் அண்ணன் ஏசாவுக்கு அனுப்பிவிட்டு வந்தவர். எல்லாம் இருந்தும் ஏசாவின் முகத்தைப் பார்க்கப் பயம். விடிந்தபோது அவருக்குக் கிடைத்திருந்தது புதுப் பெயரும் சுளுக்கிய தொடையும். நொண்டிக்கொண்டேதான் போனார்; அண்ணன்தான் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். ஆபிரகாமுக்குச் சொன்னதும் "ஆசீர்வாதமாய் இருப்பாய்" என்றுதான், பூமியின் வம்சங்களெல்லாம் அவருக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்றுதான்.

இதை எல்லாம் எதற்காக இவ்வளவு எழுதுகிறேன் என்றால், உங்கள் இதழைப் படிப்பவர்களில் இரவு பகலாக ஜெபித்தும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி இருக்கலாம். "விசுவாசம் இருந்தால் நிச்சயம்" என்ற வரியைப் படிக்கும்போது, தன் விசுவாசம்தான் போதவில்லை என்று அவள் எடுத்துக்கொள்வாள். வேதம் அவள்மேல் சுமத்தாத பழியை நாம் சுமத்தக்கூடாது. ஏரோது கொன்ற யாக்கோபின் தாயும் இயேசுவைப் பின்பற்றியவள்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதே கட்டுரையாளரே சங்கீதம் 88ஐப் பற்றியும் எழுதட்டும். இரவும் பகலும் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டவனின் பாட்டு அது. விடுதலை வந்ததாக ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது. அவர் எழுதினால், முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்