தேடுதல் குழுவில் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின், அடுத்த துணைவேந்தருக்கான பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி இடம்பெற வேண்டுமா என்பதில் ஆளுநரும் மாநில அரசும் முரண்பட்டதால் நியமனம் முடங்கி, நிர்வாகம் ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த, துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை உள்ளிட்ட பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்றது. மே மாதமே, அவற்றின் வழியே துணைவேந்தர் நியமன அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றிய திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இத்தனை இழுபறியிலும் செனட் (பேரவை), சிண்டிகேட் (ஆட்சிக்குழு) ஆகிய பல்கலைக்கழகத்தின் சொந்த அமைப்புகளின் பெயர் அதிகம் அடிபடவில்லை.

கருத்தரங்கிற்கு அழைக்க விரும்பிய பேச்சாளர் பட்டியலை அதிகாரி ஒருவரின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டு, அச்சடித்த அழைப்பிதழ்க் கட்டை மேசையடியில் வைத்துக் காத்திருந்த துறைத்தலைவரை நான் அறிவேன். கல்வி சார்ந்த முடிவுகள் கல்வியாளர்கள் கையில் இல்லாவிட்டால் இதுதான் நிலை. எனவே, தேடுதல் குழுவின் பெரும்பான்மை இடங்களைச் செனட் தேர்ந்தெடுக்கும் கல்வியாளர்களுக்கே சட்டம் ஒதுக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற பேராசிரியர், கும்பகோணம்