நூறு வயதுக்காரருக்குக் காகிதம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யப்பானிலிருந்து சின்ன வயதில் கப்பலேறிப் போய், போன நாட்டிலேயே நூற்றுப்பத்து வயதையும் தாண்டி வாழ்ந்த மூதாட்டியைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்ததை வாசித்தேன். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு எழும்பினார் என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. இவ்வளவு வயது என்று எதை வைத்து ஏற்றுக்கொண்டார்கள்? கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

யப்பானில் 1872 முதல் நாடு முழுக்கக் குடும்பப் பதிவேடு உண்டு. பிறப்பு, கலியாணம், சாவு எல்லாம் குடும்பம் குடும்பமாக அதில் ஏறும். 1908இல் கோபே துறைமுகத்திலிருந்து 'கசாடோ மாரு' கப்பலில் 781 பேர் பிரேசிலின் கோப்பித் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகப் போனார்கள். கைக்குழந்தையாக அதில் போன டோமி நகாகவா 2006இல் நூறு வயதில் இறந்தபோது, அந்தக் கப்பலில் வந்த கடைசி ஆள் அவர்தான் என்று சொல்ல முடிந்தது. யப்பானிலேயே வாழ்ந்த, உலகத்தில் அதிக வயது வரை இருந்த ஆண் என்று ஏற்கப்பட்ட ஜிரோஎமோன் கிமுராவுக்கு 116 வருடமும் 54 நாளும் என்று நாள்கணக்கு வரை சொல்கிறார்கள் என்றால் அதுவும் காகிதத்தின் பலம்தான்.

ஆனால் பதிவேடு இருந்தால் மட்டும் போதாது. 2010இல் தோக்கியோவில் 111 வயது என்று பதிவில் இருந்தவரை வாழ்த்தப் போனால், அவர் இறந்து முப்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது. அதற்குப் பிறகு தேடிப் பார்த்ததில், பதிவேட்டில் உயிரோடு இருந்தும் ஆள் எங்கே என்று தெரியாத நூறு வயதுக்காரர் 2,30,000 பேருக்கு மேல். யுத்தத்தில் செத்தவர்கள், வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்று பலருடைய பெயர் மூடப்படாமலே கிடந்திருக்கிறது. அதனால் புலம்பெயர்ந்த ஒருவரின் வயதை ஏற்க, பிறந்த ஊர்ப் பதிவும் வாழ்ந்த நாட்டுப் பதிவும் ஒரே ஆளுடையதுதானா என்று பொருத்திப் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்கு வருவோம். 1990 இடம்பெயர்வு, 2004 சுனாமி, 2006இல் யுத்தத்தால் மூதூர், சம்பூர் சனம் கையில் அகப்பட்டதோடு ஓடியது என்று எத்தனை வீட்டில் பிறப்புச் சான்றிதழ் போய்விட்டது! கோப்பித் தோட்டத்துக்கென்று இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்து, 1948க்குப் பிறகு பிரசாவுரிமையையும் இழந்து, 1977 கலவரத்துக்குப் பின் இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களில் சில முதியவர்களுக்கு முதலிலிருந்தே பதிவு இல்லை. ஆனால் கேட்டால் கணக்குச் சொல்வார்கள். யப்பான்காரன் குண்டு போட்டபோது எனக்குக் கலியாணம் பேசியிருந்தது என்பார் ஒரு ஆச்சி. அது 1942 ஏப்ரல் 9, சீனக்குடா எண்ணெய்க் குதம் எரிந்த நாள். சூறாவளிக்குள் மூத்தவன் பிறந்தான் என்பார் இன்னொருவர், அது 1964 டிசம்பர். இதை யாராவது உட்கார்ந்து எழுதினால் வயதை இரண்டு மூன்று வருட வித்தியாசத்துக்குள் கொண்டுவந்துவிடலாம்.

பிறப்புப் பதிவு இல்லை என்று உறுதியானால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவு, பாடசாலைப் பதிவு, சாதகம் எது இருந்தாலும் தேடி எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். முதியோர் கொடுப்பனவுக்கு வயது காட்ட வேண்டும், நூறு தாண்டியவர்களுக்குத் தனிக் கொடுப்பனவும் உண்டு. சான்றிதழ் இல்லை என்பதற்காக அது கிடைக்காமலே கண்ணை மூடியவர்களை எனக்குத் தெரியும். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் நிருபர்கள் இனி நூறு வயது ஆச்சி ஒருவரைப் படம் எடுக்கப் போனால், சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல் எந்த ஊரில் பிறந்தார், குண்டு விழுந்தபோது என்ன வயது, அடையாள அட்டையில் என்ன திகதி இருக்கிறது என்றும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை