பாப்பாவுக்கு, அந்த அரைமணி நேரம் பற்றி

பாப்பா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்கவில்லை. அதற்கு நீ சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "கொஞ்சம் பிஸிப்பா, அப்புறம் பேசறேன்."

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, மெதுவாகப் படி ஏறுகிறாள். சித்தப்பா விஷயம் நீ அன்றைக்குச் சொன்ன மாதிரியேதான் முடிந்தது, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை மாப்பிள்ளை போன் செய்தார். "கவலைப்படாதீங்க மாமா, அவ நல்லாத்தான் இருக்கா" என்றார். நான் கவலைப்படுவதாக அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. குட்டி தூங்கிவிட்டாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அதான் எழுதுகிறேன்.

நீ எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஏழு. அப்புறம் குட்டியைத் தூங்க வைத்துவிட்டு ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு. நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தாலும் ஒரு நாளைக்கு 12 மணி நேரம், ஐந்து நாளைக்கு 60. சனிக்கிழமையை நான் சேர்க்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம் என்று அதில் இருக்கிறது. இதை ஒரு அப்பா மகளுக்கு எழுதலாமா என்று அம்மா கோபப்பட்டாள். எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

தூங்கு பாப்பா. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த அன்று நீ அனுப்பிய மெசேஜ் ராத்திரி 2:40க்கு வந்தது. "இப்பதான் மீட்டிங் முடிஞ்சது, அம்மா எப்படி?" என்று. அம்மாவிடம் நேரத்தைச் சொல்லவில்லை, நீ கேட்டதை மட்டும் சொன்னேன். மனசு வலித்தது என்பதை மறைக்க மாட்டேன். அதே சமயம் இத்தனை பேர் உன்னை நம்பி இருக்கிறார்களே, ஒன்பது பேர் உன் கீழே வேலை செய்கிறார்களே என்று பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம்தான் சொன்னதில்லை.

உனக்கு ஒரு வழக்கம் உண்டு, எதைக் கேட்டாலும் "அரைமணி நேரத்துல முடிஞ்சிடும்" என்பாய். முடியாது. உன்னிடம் குறை இருப்பதாகச் சொல்லவில்லை, மனுஷ மனசே அப்படித்தான். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இலேயே இதை எழுதியிருக்கிறார்கள், இதே மாதிரி வேலை முன்னால் எத்தனை நேரம் பிடித்தது என்பதை விட்டுவிட்டு, எல்லாம் சரியாக நடந்தால் எவ்வளவு ஆகும் என்றுதான் நாம் கணக்குப் போடுகிறோம் என்று. அதனால் யாராவது புதிதாக ஒரு வேலை கேட்டால், போன தடவை இதே வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துவிட்டுச் சரி என்று சொல். முடியாது என்றால் முடியாது என்று சொல். அப்படிச் சொல்ல நான் உனக்குச் சொல்லித் தரவில்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

அப்புறம், லேப்டாப்பை மூடும் முன்னால், பாதியில் நிற்கும் வேலைகளை ஒரு தாளில் எழுது. நாளைக்கு எதை முதலில் எடுக்கப்போகிறாய் என்பதையும் எழுது. முடியாத வேலை மனதைப் பிடித்துக்கொண்டே இருக்கும் என்பார்கள், அதற்குத் திட்டம் எழுதிவிட்டால் பிடி தளரும். அலுவலக நாட்களில் எனக்கு உண்மையாகவே உதவியது இது ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் பேசப் பேச ஐந்து தடவை "ம்" என்றாய், உன் கண்ணில் இன்னொரு திரையின் வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தது. நான் என்ன சொன்னேன் என்று கேட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. கேட்கவில்லை.

மாப்பிள்ளை உனக்கு ஏதோ 25 நிமிட ஆப் போட்டுத் தந்ததாகச் சொன்னாயே, அதன் கதையைப் படித்தேன். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, படிப்பில் மனம் நிற்காமல் தக்காளி வடிவத்தில் இருந்த ஒரு சமையலறை டைமரைத் திருகி வைத்துப் படிக்க ஆரம்பித்தாராம். இத்தாலிய மொழியில் தக்காளி பொமோடோரோ, அதனால் அந்த முறைக்கும் அதே பெயர். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு தடவை ஆனதும் நீண்ட ஓய்வு. உன்னிடம் கேட்டேன், அந்த 5 நிமிடத்தில் என்ன செய்வாய் என்று. "மெயில் பார்ப்பேன்ப்பா" என்றாய். 25ஐ எடுத்துக்கொண்டு 5ஐ விட்டுவிட்டாய் பாப்பா.

இதை அம்மாவிடம் சொல்லிப் புலம்பினேன், இந்தப் பெண்ணுக்கு ஒரு ஐந்து நிமிடம் சும்மா இருக்கத் தெரியவில்லையே என்று. அம்மா என்னைப் பார்த்து, "நீங்கதானே அழிச்சீங்க" என்றாள்.

எதை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

உனக்கு ஒன்பது வயது. பீரோ கதவில் நான் ஒட்டி வைத்த அட்டவணை. பதினைந்து பதினைந்து நிமிடமாகக் கோடு போட்டு, ஸ்கேல் வைத்து, மூன்று நிறப் பேனாவில் எழுதினேன், ஒரு கட்டம்கூட வீணாகாமல். ஐந்தரையிலிருந்து ஆறு வரைக்கும் மட்டும் என்ன போடுவது என்று தெரியாமல் விட்டிருந்தேன். மறுநாள் பார்த்தால் அந்த இரண்டு கட்டத்திலும் நீ பென்சிலால் "சும்மா" என்று எழுதியிருந்தாய். உன் கோணல் எழுத்தில், ஒரு கட்டத்துக்கு ஒரு "சும்மா". நான் ரப்பர் எடுத்து அழித்துவிட்டு "கணக்கு" என்று எழுதினேன். நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அழவில்லை, கேள்வி கேட்கவில்லை. போய்க் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாய். சொன்னவுடன் கேட்கிற பிள்ளை என்று அன்றைக்கு அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

அதற்கப்புறம் நான் வீட்டுக்குள் வரும் சத்தம் கேட்டால் நீ ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துக்கொள்வாய். எனக்குத் தெரியும் பாப்பா. தலைகீழாகப் பிரித்திருந்த ஒரு நாளும் தெரியும். என் பெண் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தும் அதை நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நானே என் அப்பாவுக்கு அப்படித்தான் இருந்தேன் என்பது ஒரு சமாதானம் ஆகாது. இப்போது நான் போன் செய்தால்கூட முதல் வார்த்தையாக என்ன வேலை செய்துகொண்டிருக்கிறாய் என்பதைத்தான் சொல்கிறாய். நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறாய்.

அது என் தப்பு. உன்னிடம் இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இவ்வளவு எழுதியும் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. மாப்பிள்ளை ஏன் போன் செய்தார்? எங்கேயாவது மயங்கி விழுந்தாயா? டாக்டரிடம் போனாயா? வேலையில் ஏதாவது நடந்ததா? எதுவானாலும் சொல். வேலையை விடப் போகிறேன் என்றாலும் சொல், நான் ஏன் என்று கேட்க மாட்டேன். மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே, அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டாள். முழங்கால் வலியெல்லாம் குட்டியைப் பார்க்கப் போகிறேன் என்றதும் போய்விட்டது. நாங்கள் ஒரு மாதம் வந்து இருக்கிறோம். குட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், அவளுக்கு எந்த அட்டவணையும் போட மாட்டேன். நீ சரி என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். ராத்திரி பத்து மணிக்குள் அனுப்பு.

அப்பா