குடல் ஒட்டுதலுக்கு ஆபரேஷன்: முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிசேரியனோ கர்ப்பப்பை ஆபரேஷனோ செய்துகொண்ட பெண்கள் சிலருக்கு, வருடங்கள் கழித்து அடிவயிற்று வலி வந்து தங்கிவிடுகிறது. ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ‘பழைய ஆபரேஷன் தழும்பால் உள்ளே குடல் பக்கத்தில் ஒட்டியிருக்கும், லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) பிரித்துவிடலாம்’ என்பார்கள் டாக்டர்கள். என் அக்காவுக்கும் இதையே சொன்னார்கள். நகையை அடகு வைத்துச் செய்தோம். சில மாதம் நிம்மதி. அப்புறம் சாப்பிட்டு எழுந்ததும் வலப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் அதே வலி.

நெதர்லாந்தில் இப்படிப்பட்ட 100 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒட்டுதலைப் பிரித்தார்கள். மற்றவர்களுக்குக் கேமரா விட்டுப் பார்த்ததோடு சரி. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து இரு தரப்பிலும் வலி குறைந்திருந்தது. பிரித்ததால் கூடுதல் பலன் இல்லை. பிரித்த இடம் மறுபடி ஒட்டலாம், பிரிக்கும்போது குடலில் ஓட்டை விழலாம். கையெழுத்து வாங்கும்போது இதில் ஒன்றைக்கூட எங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

விடாத வாந்தி, வயிறு உப்பல், மலமும் காற்றும் பிரியாமை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். அதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே ஆபரேஷன் உயிரைக் காக்கும். வலி மட்டும்தான் என்றால், பழைய தழும்பில் சிக்கிய நரம்பா, தசையா என்பதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வலி திரும்பி வரும் வாய்ப்பைத் தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்திலேயே எழுதித் தருவதைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகி, கரூர்