பத்தாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: இயற்பியல் கணக்கு பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

காலாண்டுத் தேர்வின் அறிவியல் விடைத்தாளைப் பிள்ளைகள் இந்த வாரம் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். மார்க்கைப் பார்த்ததும் திட்ட வேண்டாம். முதலில் இயக்க விதிகள் பாடத்துக் கணக்கைப் பாருங்கள், நிறையப் பேருக்கு அங்கேதான் மார்க் போயிருக்கிறது.

சூத்திரம் தெரியாமல் இல்லை. ‘வி ஈக்வல் டு யு பிளஸ் ஏ டி’ (கடைசி வேகம் = தொடக்க வேகம் + முடுக்கம் × நேரம்) என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 8000 கிலோ பஸ், பிரேக் பிடித்ததும் விநாடிக்கு விநாடி 2 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் 3 விநாடி கழித்து அதன் உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது) என்ன என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். சிலர் 36-ஐ விநாடிக்கு 10 மீட்டர் என்று மாற்றாமல் அப்படியே போட்டுவிட்டார்கள், சிலர் சரியாக மாற்றிவிட்டு முடுக்கத்துக்கு, அதாவது வேகம் மாறும் வீதத்துக்கு, மைனஸ் போடாமல் வேகம் 16 என்று எழுதியிருக்கிறார்கள். பிரேக் பிடித்த பஸ் முன்பைவிட வேகமாக ஓடுமா? சரியான வேகம் விநாடிக்கு 4 மீட்டர், அதை 8000 கிலோவால் பெருக்கினால் உந்தம் 32,000 கிகி மீ/வி.

வீட்டில் நீங்களே கேட்கலாம், அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒன்றரைக் கிலோ தேங்காய் மரத்திலிருந்து விழுகிறது, காற்றின் தடையை விட்டுவிடுவோம், புவிஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடி முடிவில் வேகம் 10 மீ/வி, உந்தம் 15. இரண்டாவது விநாடி முடிவில் வேகம் 20, உந்தம் 30. ஆக, விநாடிக்கு 15 கூடிக்கொண்டே வருகிறது, அந்த 15 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பூமி தேங்காயை இழுக்கும் விசைதான் அது, 15 நியூட்டன். உந்தம் மாறும் வீதம்தான் விசை என்று நியூட்டனின் இரண்டாம் விதி சொல்வது இதைத்தான், இது பிடிபட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. அப்புறம், முதல் விநாடியில் 5 மீட்டர் விழும் தேங்காய் அடுத்த விநாடியில் 15 மீட்டர் விழுவது ஏன் என்றும் கேட்டுப் பாருங்கள், பிள்ளை யோசிக்கும் வரை காத்திருங்கள், விடையை நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.

இதற்காகத் தனியாக கைடு வாங்க வேண்டாம், பாடநூலில் உள்ள கணக்குகளே போதும். சனிக்கிழமை காலை சிறப்பு வகுப்பு இருக்கிறது, தப்பான கணக்கை நோட்டில் அலகோடு திரும்பப் போட்டு, விடைத்தாளில் உங்கள் கையெழுத்தும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்